சில்லுச் சிலிண்டர் ஆறும் றப்பர் ஒரு சுருளும்: இங்கிலாந்திலிருந்து மொறிஸ் மைனர் பாகங்களைக் குறைந்த செலவில் வருவித்த அனுபவம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து அப்பாவின் மொறிஸ் மைனரைக் காங்கேசன்துறை வீதி வரை ஓட்டிச்சென்று பிரேக்கை அழுத்தியபோது, ஏழு மாதங்களின் பின்னர் அது எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பிரேக் வேலை உண்மையில் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்துவிட்டது. மீதிக் காலம் எல்லாம், இங்கிலாந்தில் 14 பவுண்ஸுக்கு விற்கும் ஓர் இரும்புத் துண்டை, அதன் விலையைவிடக் கூடுதலான கூலி கொடுக்காமல் யாழ்ப்பாணத்துக்கு வருவிப்பது எப்படி என்று கண்டறிவதிலேயே கழிந்தது. ஆகவே இந்தப் பதிவில் ஸ்பனரைவிடத் தராசும் அளவுநாடாவுமே அதிகம் வரும். எங்கள் ஊரில் பவுண் என்றதும் தங்கம் நினைவுக்கு வருமாகையால், இங்கே பவுண்ஸ் என்று எழுதுவதெல்லாம் இங்கிலாந்துப் பணத்தையே குறிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய காலத்தில் ஒரு பவுண்ஸ் ஏறத்தாழ 400 ரூபாயாக இருந்தது.

கார் 1967ஆம் ஆண்டுக்குரியது. நான்கு கதவு, 1098 சிசி இயந்திரம். 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அப்பா அதை விற்க மறுத்துவிட்டார். எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் முன்சில்லுகளின் பிரேக் சிலிண்டர்கள் கசியத் தொடங்கின; முன்பக்கத் தொங்கலின் (சஸ்பென்ஷனின்) கீழ் ட்றனியன்கள், அதாவது சில்லு திரும்ப இடம் தரும் மூட்டுகள், தேய்ந்து ஆடின; முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் வெடித்து, மழைநீர் மிதிகட்டைக்கு மேல் சொட்டியது. இங்குள்ள உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிய வாகனங்களுக்கு வேண்டியதெல்லாம் உண்டு, மொறிஸுக்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1990களில் மொறிஸ் மைனரின் உடற்தகடுகள் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. நான் இப்போது எதிர்த்திசையில் பாகங்களை வருவித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சியில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஈபேயில் ஒவ்வொரு பொருளுக்கும் எவர் குறைந்த விலை போட்டிருக்கிறாரோ அவரிடம் அதை வாங்கினேன். பிரதான சிலிண்டரின் சீல் தொகுதி ஒருவரிடம், மூன்று பிரேக் குழாய்கள் இன்னொருவரிடம், கதவுக் கைபிடி, திருப்பச் சமிக்ஞை ஆளி, விசிறிப் பட்டி ஆகியன வெவ்வேறு மூவரிடம் என்று ஐந்து விற்பனையாளர்கள். பொருள்களின் மொத்த விலை 68.40 பவுண்ஸ். அனுப்பும் கூலி 14.60, 11.95, 18.50, 13.20, 16.75 என்று ஐந்து துண்டாக வந்தமையால் அந்த இரவில் அது என் கண்ணில் படவில்லை. மறுநாள் கொப்பியில் கூட்டிப் பார்த்தபோது சரியாக 75 பவுண்ஸ். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற பழமொழியைச் சிறுவயதிலிருந்து கேட்டிருந்தும், அதை என் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி அனுபவித்தது அதுவே முதல் முறை. நாற்பது கிராம்கூட இல்லாத சீல் தொகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 4,800 ரூபாய் கூலி போயிருந்தது.

அதைவிட வயிறெரிந்தது பொதிகள் வந்து சேர்ந்த பின்னர்தான். குழாய்கள் வந்த பெட்டியையும் ஆளி வந்த உறையையும் மேசையில் அருகருகே வைத்தபோது, இரண்டிலும் அனுப்புநரின் முகவரி ஒன்றாகவும், நீல மையில் எழுதிய கையெழுத்து ஒன்றாகவும் இருந்தன. ஒரே வியாபாரி இரண்டு பெயர்களில் கடை நடத்தியிருக்கிறார். நான் ஒரே மேசையிலிருந்து புறப்பட்ட இரண்டு பொருள்களுக்கு இரண்டு தடவை கூலி கட்டியிருக்கிறேன். பணம் செலுத்துவதற்கு முன் கூடையில் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து மொத்தத் தொகையைத் தெரிவிக்கும்படி விற்பனையாளரிடம் கேட்பதற்கு அந்தத் தளத்திலேயே வசதி உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் எவர் எங்கிருந்து அனுப்புகிறார் என்று பார்க்க நான் முனையவில்லை. இப்போதெல்லாம் விலையைப் பார்ப்பதற்கு முன் பொருள் புறப்படும் ஊரைத்தான் பார்க்கிறேன்.

சுங்கத்திலும் இந்தத் தவறு தொடர்ந்தது. இலங்கையில் இறக்குமதித் தீர்வை கணிக்கப்படுவது பொருளின் விலை மீது மட்டுமன்று, காப்புறுதியும் அனுப்பும் கூலியும் சேர்ந்த தொகையின் மீது. அதற்கு மேல்தான் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் ஏறுகிறது. ஆகவே கூலியில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் வரியில் குறைந்தது 180 ரூபாயையும் மிச்சப்படுத்தும். போதாக்குறைக்கு, ஐந்தில் இரண்டு பொதிகள் கூரியர் வழியாக வந்திருந்தமையால், சுங்கத்திலிருந்து எடுத்துத் தந்ததற்கான கட்டணத்தையும் பொதிக்கொரு தடவையாகக் கட்டினேன்.

இரண்டாவது முயற்சியில் மறுகோடிக்குப் போனேன். மொறிஸ் மைனர் பாகங்களை மட்டுமே விற்கும் ஓர் ஆங்கிலேயக் கடையின் இணையத்தளத்தில், மீதி வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டேன்: சில்லுச் சிலிண்டர்கள் ஆறு, கீழ் ட்றனியன்கள் இரண்டும் அவற்றுக்குரிய புஷ்களும் ஊசிகளும், முன்கண்ணாடி றப்பர், பின்கண்ணாடி றப்பர், நான்கு கதவுகளுக்குமான றப்பர். மொத்தம் 204 பவுண்ஸ். அனுப்பும் கூலியை அறிய மின்னஞ்சல் அனுப்பினேன். கூரியரில் 148 பவுண்ஸ் என்று பதில் வந்தது. பெட்டியோடு சேர்த்துப் பொருள்களின் எடை 7 கிலோவைச் சற்றே தாண்டும் என்றும், ஆனால் கட்டணம் 12 கிலோவுக்கு என்றும் அதில் எழுதியிருந்தார்கள். 7 எப்படி 12 ஆனது என்று கேட்டபோது பெட்டியின் அளவை அனுப்பினார்கள்: 60, 50, 20 சென்ரிமீற்றர்.

அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. விமானத்தில் இடமும் சரக்கு. ஆகவே கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணை ஒரு கிலோக் கணக்காக எடுத்து, உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் அறவிடுகின்றன. அறுபது, ஐம்பது, இருபது பெருக்கினால் 60,000. அதை 5000ஆல் வகுத்தால் 12. கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான் காற்றுக்குக் கூலி கட்ட இருந்தேன்.

எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பலசரக்குக் கடையில் இரண்டு பழைய பிஸ்கற் பெட்டிகளை வாங்கிவந்து, வெட்டி, 180 ரூபாய்க்கு வாங்கிய ஒட்டுநாடாவால் ஒட்டி, அதே அளவில் ஒரு பெட்டியை விறாந்தையில் செய்துவைத்தேன். காரிலிருந்து கழற்றிய பழைய றப்பர்களையும் சிலிண்டர்களையும் ட்றனியன்களையும் அதற்குள் வைத்தால், அவை பெட்டியின் அடியில் பாதிகூட நிரம்பாமல் கிடந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “உதுக்குள்ள இன்னும் ஒரு ஆட்டுக்குட்டி போகும்” என்றார். பிறகு அதே பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போனேன். கதவு றப்பர்களை இறுக்கிச் சுற்றி, அந்தச் சுருளின் நடுவே உள்ள குழிக்குள் சிலிண்டர்களை வைத்து, மூலைகளில் ட்றனியன்களைச் செருகியபோது எல்லாம் 40, 35, 25 என்ற அளவுக்குள் அடங்கிவிட்டன. பெருக்கினால் 35,000, வகுத்தால் 7. உண்மையான எடையே அதற்கு மேல் வந்தமையால் இனிப் பெட்டியைச் சுருக்கிப் பயனில்லை.

எடையை அறிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த ஏழு மாதத்தில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுதான். புதிய பாகம் கையில் இல்லாவிட்டாலும், அதே எடையுள்ள பழைய பாகம் காரில் இருக்கிறது. அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் கிறீஸை நீக்கி, பத்திரிகைத் தாளில் தனித்தனியே சுற்றி, திருநெல்வேலிச் சந்தையில் எனக்குத் தெரிந்த மரக்கறிக் கடைக்காரரின் மின்தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். “உதை கிலோ என்ன விலைக்கு விக்கிறியள் அண்ணை?” என்று கேட்டுக்கொண்டே அவர் எண்களைச் சொல்ல, நான் கொப்பியில் எழுதினேன். சிலிண்டர்கள் ஆறும் 1 கிலோ 650 கிராம். ட்றனியன்களும் புஷ்களும் ஊசிகளும் 1 கிலோ 800 கிராம். றப்பர்கள் எல்லாம் சேர்ந்து 3 கிலோ 200 கிராம். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தமையால்தான் பின்னால் வந்த முடிவுகளை எடுக்க முடிந்தது. கடைத் தளங்களில் எடை போட்டிருப்பது அரிது. போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் பொதி செய்யும் ஆளின் ஊகந்தான்.

சிறிய பெட்டியின் படத்தையும் அளவையும் அனுப்பி, இப்படி அடுக்கித் தர முடியுமா என்று கேட்டேன். பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் பதிலே வந்திராது. இந்தக் கடையில் பொதி செய்பவர் தாமே பதில் எழுதினார்: கதவு றப்பரை எப்படியும் சுற்றலாம், ஆனால் கண்ணாடி றப்பரை மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் நீர் கசியும், ஆகையால் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாமல் சுற்றித்தான் வைப்பேன் என்றார். அது நான் யோசியாத விடயம். நல்லவேளையாக 40க்கு 35 என்ற பெட்டியில் அந்தச் சுருள் அடங்கியது. புதிய கூலி 112 பவுண்ஸ். பெட்டியைச் சுருக்கியதில் மட்டும் 36 பவுண்ஸ் குறைந்தது.

இதற்கிடையில் பட்டியலிலிருந்து இரண்டு பொருள்களை முற்றாகவே நீக்கியிருந்தேன். பிரேக் சப்பாத்துகள் (சில்லின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் வளைந்த இரும்புகள்) எட்டையும் வாங்க முதலில் எண்ணியிருந்தேன். எட்டும் சேர்ந்து 3 கிலோவைத் தாண்டும். இரும்புச் சப்பாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தேய்ந்தது அதன்மேல் உள்ள லைனர் மட்டுமே. அதைப் புதிதாக ஒட்டித் தருவதற்கு நகரில் ஆள் இருக்கும்போது இரும்பை ஏன் விமானத்தில் ஏற்ற வேண்டும்? புகைபோக்கிக் குழாயும் அப்படித்தான். நீளமான, உள்ளே வெறுமையான, வளைந்த பொருள். கூரியர்க் கணக்கில் அதைவிட மோசமான வடிவம் வேறில்லை. பழையதை மாதிரியாகக் கொடுத்து இங்கேயே உருக்கி ஒட்டுவித்தேன்.

112 பவுண்ஸும் எனக்குக் கூடுதலாகவே பட்டது. அடுத்த வழி, யாழ்ப்பாணத்தில் அரைவாசி வீடுகளுக்குத் தெரிந்த வழி: இலண்டனில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவித்து, அங்கிருந்து வீட்டு வாசல்வரை வந்து தரும் கடற்பொதிச் சேவையில் பெட்டியோடு சேர்த்து வருவிப்பது. பெரியம்மாவின் மகள் ஆண்டுக்கொருமுறை அப்படி ஒரு பெட்டி அனுப்புவார். அந்தச் சேவையில் பெட்டியின் அளவுக்குத்தான் பணம்; எடையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. கூரியரில் பருமன் உதைத்தது என்றால், கடலில் இரும்பு கிட்டத்தட்டச் சும்மா வரும். இந்த நியாயத்தைத் தொலைபேசியில் அக்காவுக்கு விளக்கினேன். “பெட்டியில இடம் இருக்குத் தம்பி. ஆனா உன்ர இரும்பை என்ர பிஸ்கற்றுக்கு மேல வைக்க விடமாட்டன்” என்றார்.

அவர் விட்டிருந்தாலும் கணக்கு நான் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. அதற்குக் காரணம் இங்கிலாந்தின் பெறுமதி சேர் வரி. அங்கே கடைகளில் போட்டிருக்கும் விலையில் 20 வீத வரி அடங்கியிருக்கும். அதாவது நாம் காணும் விலையில் ஆறிலொரு பங்கு வரி. பொருளை நாட்டுக்கு வெளியே நேரடியாக அனுப்பினால், அந்த வரிக்குப் பதிவுசெய்த கடைக்காரர் அதை அறவிடத் தேவையில்லை; ஏற்றுமதிக்குச் சுழிய வீதம். இலண்டன் முகவரிக்கு அனுப்பினாலோ அது உள்நாட்டு விற்பனை. வரி முழுவதையும் நாமே கட்ட வேண்டும். 204 பவுண்ஸ் பொருள்கள் நேரடியாக வந்தால் 170. அக்கா வீட்டுக்குப் போனால் 204. இந்த 34 பவுண்ஸை எவரும் கூலி என்று சொல்வதில்லை என்பதால் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். பதிவுசெய்யாத சிறு வியாபாரிகளிடம் கழிக்க எதுவும் இல்லை. ஆகவே இதைக் கேட்காமல் தெரியாது. முதல் முயற்சியின்போது ஐந்து பேரில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

கொப்பியில் ஒரு பக்கம் முழுவதும் எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஒரே பெட்டியில் கூரியர் என்றால் 170உம் 112உம் சேர்ந்து 282. எல்லாம் இலண்டன் வழியே கடலில் என்றால் 204, அக்கா வீட்டுக்கு உள்ளூர்த் தபால் 8.50, பெட்டிக் கூலியில் என் பங்கு 24, மொத்தம் 236.50. பிறகுதான் மூன்றாவது வழி தென்பட்டது. எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்று எவரும் சொல்லவில்லையே.

இங்கிலாந்தின் தபால் சேவையான றோயல் மெயில் வெளிநாட்டுச் சிறுபொதிகளை 2 கிலோ வரை ஏற்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, நீண்ட பக்கம் 60ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் வரம்பு. அந்த வரம்புக்குள் இருந்தால் கட்டணம் எடைக்கு மட்டுமே. 5000ஆல் வகுக்கும் கணக்கு அங்கே இல்லை. என் சிலிண்டர்கள் 1.65 கிலோ, ட்றனியன் கூட்டம் 1.8 கிலோ. பொதி செய்யும் அட்டையையும் சேர்த்தால் இரண்டுமே 2 கிலோவுக்குள் மயிரிழையில் அடங்கும். சந்தைத் தராசில் எடுத்த எண்கள் இல்லாவிட்டால் இந்த மயிரிழை என் கண்ணில் பட்டேயிராது; எல்லாவற்றையும் ஒன்றாக 3 கிலோ 450 என்று பார்த்து, சிறுபொதிக்கு மேலே போய்விட்டதாக நினைத்து விட்டிருப்பேன். இரண்டு பொதிகள், ஒவ்வொன்றும் பின்தொடரும் இலக்கத்துடன் 26.40 பவுண்ஸ். றப்பரை மட்டும் அக்கா வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தேன். இம்முறை அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. “றப்பர் எண்டால் நல்லது, போத்தலுகளுக்கு நடுவில வைக்கலாம்” என்றார். பெட்டிக் கூலியில் என் பங்கு 10 பவுண்ஸாகக் குறைந்தது. அவர் அதையும் வாங்கவில்லை என்றாலும் கணக்குக்காகப் போடுகிறேன். றப்பருக்கான உள்ளூர்த் தபாலைக் கடைக்காரர் இலவசமாக்கிவிட்டார்.

ஆக, வரி நீங்கிய இரும்புக்கு 125, வரியோடு றப்பருக்கு 54, கூலி 62.80, மொத்தம் 241.80 பவுண்ஸ். முழுவதும் கடலில் வந்தால் இதைவிட 5.30 பவுண்ஸ் குறைவு என்பது உண்மை. ஆனால் கடற்பொதிக்குப் பத்து வாரம். அதுவரை கார் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்க வேண்டும். 2,100 ரூபாய்க்காக அதைச் செய்ய நான் விரும்பவில்லை. முதலில் சொன்ன 148 பவுண்ஸ் கூலியோடு வாங்கியிருந்தால், வரியைக் கழித்தும் 318 ஆகியிருக்கும், 76.20 பவுண்ஸ் மிச்சம், நம் பணத்தில் 30,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

நண்பர் ஒருவர், பொதியின் மேல் அன்பளிப்பு என்றும் விலை 20 பவுண்ஸ் என்றும் எழுதுவித்தால் சுங்கத்திலும் தப்பலாமே என்றார். பொய் என்பது ஒருபுறமிருக்க, பொதி தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு எழுதிய பெறுமதியைத் தாண்டாது. அதிகாரி சந்தேகித்தால் விலைச்சிட்டை கேட்டுத் தம் கணக்கில் மதிப்பிடுவார். நான் விலைச்சிட்டையின் பிரதியைப் பொதிக்கு வெளியே ஓர் உறையில் ஒட்டும்படி கேட்டுக்கொண்டேன். இதே காலத்தில் பழைய எஸ்யூ கார்பரேற்றர் ஒன்றை மலிவாகக் கண்டு வாங்கியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கழற்றியபடியே பொதி செய்திருக்கிறார்கள். பெற்றோல் மணக்கிறது என்று கூரியர் நிலையத்தில் அதை ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். எரிபொருள் எச்சம் உள்ள பாகம் விமானத்தில் ஆபத்தான சரக்கு. வற்றவிட்டுக் கழுவி உலர்த்தி அனுப்பும்படி முன்கூட்டியே எழுதாதது என் பிழை. 9 பவுண்ஸ் போனது.

ட்றனியன் பொதி 16 நாளில் வந்தது. பின்தொடரும் இலக்கத்தின் முடிவில் ஜிபி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. அது அஞ்சல் வழியே வருவதன் அடையாளம் என்பதால், கொழும்புக்கு வந்த பின்னரும் அதே இலக்கத்தை இலங்கைத் தபாலின் தளத்தில் இட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர்ப் பொதி மேலும் ஆறு நாள் கழித்து வந்தது. தபாலகத்தில் கையொப்பமிட்டு, தீர்வையைக் கட்டி, வீட்டுக்கு வந்து திறந்தால், முன்சில்லுகளுக்குரிய நான்கில் இரண்டு பொருந்தவில்லை. மொறிஸ் மைனரில் 1098 சிசி இயந்திரம் வந்த 1962ஆம் ஆண்டில் முன்பிரேக் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருத்தது. நான் பாக இலக்கத்தைப் பழைய விளம்பரம் ஒன்றிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறேன். இரண்டு 7 அங்குல வகைக்குரியவை. கடைக்காரர் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார்.

28 பவுண்ஸ் பொருளைத் திருப்பி அனுப்புவது முட்டாள்தனம். கழற்றி வைத்திருந்த பழைய சிலிண்டர்களை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். நான்கில் இரண்டின் உட்சுவரில் ஆழமான குழிகள். மற்ற இரண்டில் மெல்லிய பழுப்பு மட்டும். அந்த இரண்டையும் 600 இலக்க நீர்த்தாளை விரலில் சுற்றி, பிரேக் எண்ணெயில் நனைத்து, வட்டமாகத் தேய்த்தேன். ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் நகத்தால் தடவினால் தட்டாத அளவுக்கு உட்சுவர் பளபளத்தது. வேண்டியது, எண்ணெய் கசியாமல் சிலிண்டருக்குள் அடைக்கும் றப்பர்க் குல்லாய்கள் மட்டுமே. அவை சில கிராம் எடை, 2.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தடிப்புள்ளதால் பெரிய கடித உறையிலேயே வந்துவிட்டன. பொருளும் தபாலும் சேர்ந்து 7.20 பவுண்ஸ். மொத்தக் கணக்கு அதனால் 249 ஆயிற்று. பொருந்தாத இரண்டு சிலிண்டர்களையும் மானிப்பாயில் 1950களின் மொறிஸ் வைத்திருக்கும் ஒருவர் 9,000 ரூபாய்க்கு மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். அவருக்குக் கூலியே இல்லை.

மீண்டும் செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் எல்லாச் சிலிண்டரையும் கழற்றி, உள்ளே பார்த்து, குல்லாயோடு தப்பக்கூடியவை எவை என்று பிரித்துவிட்டு, அதன் பிறகே வாங்கும் பட்டியலை எழுதுவேன். நான் பட்டியலை எழுதிவிட்டுக் காரைக் கழற்றினேன். பாக இலக்கத்தை விளம்பரத்திலிருந்து எடுக்காமல், காரின் அடிச்சட்ட (சசி) இலக்கத்தைக் கடைக்காரருக்கு அனுப்பி அவரையே சரிபார்க்கச் சொல்வேன். முதல் ஐந்து பொதிகளில் வந்தவற்றுள் விசிறிப் பட்டியைத் தவிர மற்றவை எல்லாம் அந்த ஒரே கடையில் இருந்தன. விலை சற்றுக் கூடுதலாக இருந்தது என்பதற்காகவே விட்டேன்.

அக்காவின் பெட்டி பதினொரு வாரத்தில் வந்தது. சொன்னபடியே றப்பர்ச் சுருளின் நடுவில் மூன்று போத்தல்கள் உடையாமல் நின்றன. கண்ணாடி றப்பர் சுருண்ட வடிவத்தை மறக்க மறுத்தது; அதை முற்றத்துச் சீமெந்துத் தரையில் நீட்டி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் விட்ட பிறகு மாலையில் தானாகவே தட்டையாகக் கிடந்தது. பள்ளத்தில் நைலோன் கயிற்றை ஓட்டி, சவர்க்கார நீர் பூசி, வெளியிலிருந்து தம்பி கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து நான் கயிற்றை இழுக்க, இரண்டாவது முயற்சியில் முன்கண்ணாடி அமர்ந்தது. பின்கண்ணாடிக்குரிய றப்பர் மட்டும் இன்னும் கராஜில் ஆணியில் தொங்குகிறது. முன்கண்ணாடி றப்பரில் வெடிப்பைக் கண்ட வேகத்தில் அதையும் சேர்த்து வாங்கியிருந்தேன். எடை பார்க்கக் கழற்றிய பழையதைத் தூக்கி எறியப் போனபோதுதான் அதில் ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்தது. தராசில் அது 540 கிராம் காட்டியது.